அச்சுக் காமிக்ஸ் இன்னும் பத்து வருடம் தாங்குமா?

கேள்வி கேட்ட நண்பர் வீட்டில் ஒரு அலமாரி நிறைய லயன், முத்து, ராணி காமிக்ஸ் இருக்கிறது. ஒன்பது வயது மகன் அந்தப் பக்கமே போவதில்லை, டேப்லெட்டோடு சரி. எல்லாம் திரைக்குப் போய்விட்ட காலத்தில் அச்சுக் காமிக்ஸ் இன்னும் பத்து வருடமாவது தாங்குமா, வருடச் சந்தா கட்டுவதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

தாங்கும். பத்து வருடத்துக்கு மேலும் தாங்கும் என்றே நினைக்கிறேன். இருபது வருடமாகப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலையில் இருக்கிறேன், காமிக்ஸ் வாசிப்பது அதற்கும் முந்தைய பழக்கம், அதனால் இதை வெறும் ஆசையில் சொல்லவில்லை. ஆனால் அவர் போகிறபோக்கில் சொன்ன இன்னொரு விஷயம், மகன் அலமாரிப் பக்கமே போவதில்லை என்பது, அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். காகிதம் ஜெயிக்குமா திரை ஜெயிக்குமா என்ற பேச்சில் நாம் தொலைத்துவிட்ட கேள்வி அதுதான்: ஒரு குழந்தை தன் முதல் காமிக்ஸை இன்றைக்கு எங்கே பார்க்கும்?

முதலில் காகிதம், திரை விஷயத்தை முடித்துவிடுவோம். டிஜிட்டல் வந்தால் அச்சு போய்விடும் என்பது ஒரு இயற்கை விதி மாதிரி பேசப்படுகிறது. அப்படி ஒரு விதி இருந்தால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும், இல்லையா? ஜப்பானையும் அமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானில் 2024இல் மங்கா, அதாவது அவர்கள் காமிக்ஸ், விற்பனை மொத்தம் சுமார் 70,000 கோடி யென், அதில் 70 விழுக்காட்டுக்கும் மேல் டிஜிட்டல். அமெரிக்கா, கனடா இரண்டும் சேர்ந்து 2021இல் விற்ற காமிக்ஸ் சுமார் 207 கோடி டாலர், அதில் டிஜிட்டல் வெறும் 17 கோடி. இரண்டு இடத்திலும் எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இரண்டு இடத்திலும் பெரிய நிறுவனங்கள்தான் செயலி நடத்துகின்றன. ஆனாலும் ஒரு இடத்தில் திரைக்கு முக்கால் பங்கு, இன்னொரு இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியென்றால் முடிவு செய்வது கருவி இல்லை. யார் எதற்காக எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள், எந்தக் கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதெல்லாம்தான் முடிவு செய்கிறது.

ஜப்பான் கதையை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். அங்கே 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்று ஒரு வார இதழ். 1995 தொடக்கத்தில் அதன் ஒரு இதழ் மட்டும் 65.3 லட்சம் பிரதி அச்சானது, அதுதான் உச்சம். இன்றைக்கு 15 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மட்டமான காகிதத்தில் தொலைபேசி டைரக்டரி மாதிரி தடியாக வரும், ரயிலில் படித்துவிட்டு நிலையத்திலேயே போட்டுவிட்டு இறங்குவார்கள். அந்த வேலையைத்தான் போன் எடுத்துக்கொண்டது. அதே கதைகளைத் தொகுத்து வரும் சின்னப் புத்தகங்கள் இருக்கின்றனவே, அவற்றின் விதி வேறு. 'டீமன் ஸ்லேயர்' என்ற மங்கா தொடரின் கடைசித் தொகுதி 2020 டிசம்பரில் வந்தபோது முதல் அச்சே 39.5 லட்சம். இத்தனைக்கும் அந்தக் கதை அதே வருடம் மே மாதமே வார இதழில் முடிந்துவிட்டது, முடிவு எல்லாருக்கும் தெரியும். 2019இல் அனிமேஷன் தொடராக வந்து அதைப் பார்த்த கூட்டம்தான் கடைக்கு ஓடியது. திரை அங்கே காகிதத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது. டிஜிட்டலுக்குப் போனது போக மிச்சமிருக்கும் அச்சு மங்கா வியாபாரமே நம் கணக்கில் ஏறத்தாழ பத்தாயிரம் கோடி ரூபாய் வரும், அதை யாரும் செத்துப்போன தொழில் என்று சொல்ல முடியாது.

ஆக, படித்துவிட்டுத் தூக்கிப் போடும் காமிக்ஸ் திரைக்குப் போகிறது, வைத்துக்கொள்ளும் காமிக்ஸ் காகிதத்தில் நிற்கிறது. இது நம்மூரிலும் நடந்துவிட்டது, இங்கே போன் திரை வருவதற்கு முன்பே நடந்துவிட்டது, அதுதான் வித்தியாசம்.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. 1984 ஜூலையில் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ஒரே மாதத்தில் கிளம்பின. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், பேருந்து நிலையக் கடையில், பெட்டிக்கடையில், வார இதழ்களோடு சேர்த்துக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். விலை ஓரிரு ரூபாய். பையன் தன் கையில் இருக்கும் காசுக்குத் தானே வாங்குவான், வாங்க முடியாதவன் வாடகை நூலகத்தில் எடுப்பான், அதுவும் முடியாதவன் வாங்கினவனிடம் மாற்றிக்கொள்வான், அட்டை கிழிந்து பக்கம் உதிர்கிற வரைக்கும் ஒரு புத்தகம் தெருவெல்லாம் சுற்றும். அப்புறம் கேபிள் டிவி வந்தது, பள்ளிச் சுமை கூடியது, காகித விலை ஏறியது, ஏஜெண்டுகளிடமிருந்து பணம் வருவது இழுபறியானது. இந்திரஜால் காமிக்ஸ் 1990இல் நின்றது, ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனும் முத்துவும் ஒரு கட்டத்தில் எப்போது வரும் என்றே தெரியாமல் வந்துகொண்டிருந்தன. அந்த வருடங்களில் யார் கையிலும் ஸ்மார்ட்போன் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது.

திரும்ப எழுந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2012 ஜனவரியில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. அங்கிருந்து நல்ல காகிதம், முழு வண்ணம், பெரிய அளவு என்று ரூட்டே மாறியது. கடைக்கு அனுப்பி விற்காததைத் திரும்ப வாங்கும் முறையை நம்பாமல், வருடத்துக்கு முன்பே சந்தா வாங்கி, கூரியரில் வீட்டுக்கு அனுப்பி, மிச்சத்தைப் புத்தகக் கண்காட்சியிலும் இணையக் கடையிலும் விற்பது. ஆசிரியர் எஸ். விஜயன் இணையத்தில் வாசகர்களோடு நேரடியாகப் பேச ஆரம்பித்தார், அடுத்த வருடம் எந்தக் கதை போடலாம், எந்தத் தொடர் வேண்டாம் என்று வாசகர்கள் அங்கேயே சண்டை போட்டார்கள், இன்னும் போடுகிறார்கள். கேப்டன் டைகர் என்ற கௌபாய் நாயகனின் 'மின்னும் மரணம்' முழுத் தொகுப்பு 2015இல் தடிமனான ஒரே புத்தகமாக வந்தது. நினைவிழந்த ஒருவன் தன்னையே தேடும் 'இரத்தப் படலம்' 2018இல் வண்ணத் தொகுப்பாக வந்தது. இந்த மாதிரி ஒரு புத்தகத்தை 1988இல் யாராவது கற்பனை செய்திருக்க முடியுமா? இணையம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. சென்னையில் நூறு பேர், கோவையில் ஐம்பது பேர், சிங்கப்பூரில் பத்துப் பேர் என்று சிதறிக் கிடந்த வாசகர்களை ஒரு இடத்தில் சேர்த்தது இணையம்தான், அவர்கள் சேர்ந்து கேட்டது காகிதப் புத்தகம்.

சந்தா ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அச்சகக் கணக்கில் சொன்னால்தான் புரியும். பெரிய ஆஃப்செட் மெஷினில் ஒரு தாளில் ஒரு பக்கத்துக்கு எட்டு, மறுபக்கத்துக்கு எட்டு என்று பதினாறு பக்கம் அடங்கும், அதை ஒரு ஃபாரம் என்போம். ஐரோப்பிய ஆல்பம், அதாவது பெரிய அளவில் வரும் காமிக்ஸ் புத்தகம், பெரும்பாலும் 48 பக்கமாக இருப்பதற்குக் காரணமே மூன்று ஃபாரம் கணக்குதான். வண்ணம் என்றால் நான்கு மைக்கும் தனித்தனி பிளேட் (அச்சுத் தகடு), ஆக மூன்று ஃபாரம், இரண்டு பக்கம், நான்கு மை, மொத்தம் 24 பிளேட். ஆயிரம் பிரதி அடித்தாலும் 24 பிளேட்தான், பத்தாயிரம் அடித்தாலும் 24தான். மெஷினை ஓட்டி மை சரிபார்க்கிற வரைக்கும் வீணாகும் தாளும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இதோடு வெளிநாட்டுப் பதிப்பாளருக்குக் கட்டும் உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, பக்க அமைப்பு, இதெல்லாம் எத்தனை பிரதி என்று பார்த்து வருவதில்லை. அதனால் பிரதி குறைந்தால் ஒரு புத்தகத்தின் அடக்க விலை சர்ரென்று ஏறும். விலை ஏறினால் இன்னும் நாலு பேர் விலகுவார்கள், பிரதி இன்னும் குறையும். இந்தச் சுழலில் மாட்டிய பதிப்பகம் வெளியே வருவது கஷ்டம். அச்சுக்குப் போகும் முன்பே இத்தனை பேர் காசு கட்டிவிட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும்தான் எத்தனை அடிப்பது என்று தைரியமாக முடிவு செய்ய முடியும்.

அமெரிக்காவிலும் காமிக்ஸ் கடைகள் 1970களிலிருந்து இதே மாதிரி முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து, திருப்பிக் கொடுக்காமல் வாங்கும் முறையில்தான் பிழைத்தன. அங்கே அதற்கு ஒரு கெட்ட பக்கமும் இருந்தது. விநியோகம் கிட்டத்தட்ட முழுக்க டயமண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது, 2020இல் டிசி என்ற பெரிய பதிப்பகம் விலகியது, அடுத்த வருடம் இன்னொரு பெரிய பதிப்பகமான மார்வெல் மாறியது, 2025 ஜனவரியில் அந்த டயமண்ட் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதை நம்பியிருந்த சின்னப் பதிப்பகங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வாசகர்கள் இருந்தார்கள், புத்தகம் இருந்தது, நடுவில் இருந்த பாலம்தான் உடைந்தது. அச்சுக் காமிக்ஸ் சாகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது விநியோகத்தைத்தான். நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் போனிலேயே கொடுத்துவிட்டால் இந்த பிளேட், காகிதம், கூரியர் செலவெல்லாம் மிச்சம்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை, எழுத்தமைப்புச் செய்கிறவர்கள் மட்டும் தினம் தினம் படுகிறார்கள். ஒரு பிரெஞ்சு ஆல்பத்தில் வசனப் பலூன் பிரெஞ்சுக்கு அளவெடுத்து வரைந்தது. "ரன்!" என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் முடிவது நமக்கு "ஓடுங்கள்!". "ஐ டோன்ட் நோ" என்பது "எனக்குத் தெரியாது". கொம்பும் காலும் மேலே விலங்கும் கீழே சுழியுமாக நம் எழுத்துக்கு உயரமும் வேண்டும், அகலமும் வேண்டும். அதனால் தமிழ் வசனம் எப்போதும் பலூனுக்குள் முட்டிக்கொண்டுதான் உட்காரும், எழுத்தளவைக் குறைக்காமல் வழியில்லை. அந்த ஆல்பத்தின் பக்கம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் அகலம். உங்கள் போன் ஏழு. அப்படியே சுருக்கினால் மூன்றில் ஒரு பங்கு, அச்சில் மூன்று மில்லிமீட்டர் இருந்த எழுத்து ஒரு மில்லிமீட்டர் ஆகும். யார் படிப்பது? விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பலூன் பலூனாக நகர்த்தி, ஒரு பக்கம் முடிப்பதற்குள் கதை போன இடம் தெரியாது. பழைய இதழ்களின் ஸ்கேன் போனில் வைத்திருக்கும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள், நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள், முழுதாகப் படித்தது எத்தனை என்று கேட்டால் சிரிப்பார்கள்.

எழுத்து மட்டும் பிரச்சினை என்றால் பெரிய டேப்லெட் வாங்கினால் போயிற்று. ஆனால் இந்தக் கதைகளை வரைந்தவர்கள் கட்டத்தை மட்டும் வரையவில்லை, பக்கத்தை வரைந்தார்கள். கேப்டன் டைகர் கதைகளில் பிரெஞ்சு ஓவியர் ஜான் ஜிரோ வரைந்த பாலைவனத்தை நினைத்துப் பாருங்கள். மேலே பக்கத்தின் முழு அகலத்துக்கும் வெயிலில் வெந்து கிடக்கும் மண், அதன் ஓரத்தில் புள்ளி மாதிரி ஒரு குதிரைக்காரன், கீழே நெருக்கமாக ஐந்து சின்னக் கட்டங்களில் அவன் முகம், வியர்வை, துப்பாக்கி, கை. கீழே படிக்கும்போது மேலே இருக்கும் அந்த வெட்டவெளி கண்ணின் ஓரத்தில் தெரிந்துகொண்டேதான் இருக்கும், அதனால்தான் அந்த நெருக்கம் மூச்சு முட்டுகிறது. ஒவ்வொரு கட்டமாகத் தனியாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி செயலிகளில் இருக்கிறது, கட்டம் நன்றாகத் தெரியும், பக்கம் செத்துப்போகும். அப்புறம் பக்கம் திருப்புவது. வலது பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவன் கதவைத் திறந்து அதிர்ச்சியோடு பார்ப்பான், எதைப் பார்த்தான் என்பது அடுத்த பக்கத்தில். நீங்கள் தாளைப் புரட்டும் அந்த ஒரு நொடியைக் கதாசிரியர் கணக்கில் வைத்தே எழுதியிருப்பார். இது பழைய நினைவில் உருகிச் சொல்வது இல்லை, அந்தக் கலையின் இலக்கணமே அப்படி அமைந்திருக்கிறது.

திரைக்கென்றே வேறு இலக்கணம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். கொரியாவில் 2003, 2004 வாக்கில் இணையத் தளங்களில் தொடங்கிய வெப்டூன் அப்படிப்பட்டது. பக்கமே கிடையாது, மேலிருந்து கீழே கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விடும் வெற்றிடம்தான் அங்கே நேரம், ஒருவன் மாடியிலிருந்து விழுகிறான் என்றால் நீங்களும் அவனோடு விழுந்துகொண்டே இருப்பீர்கள். அதைக் காகிதத்தில் செய்ய முடியாது. பிரெஞ்சு ஆல்பத்தைப் போனில் திணிப்பது எவ்வளவு தப்போ, வெப்டூனை அப்படியே பக்கத்தில் நறுக்கி ஒட்டுவதும் அவ்வளவு தப்பு. ஆனால் வேடிக்கை என்னவென்றால் அந்த உலகமும் கடைசியில் அச்சைத் தேடித்தான் வருகிறது. ஆலிஸ் ஓஸ்மன் 'ஹார்ட்ஸ்டாப்பர்' கதையை 2016இலிருந்து இணையத்தில் இலவசமாகவே போட்டார். 2018இல் அதை அச்சிட வாசகர்களிடமே பணம் கேட்டபோது கொடுத்தார்கள், அப்புறம்தான் பெரிய பதிப்பகம் வந்தது, நெட்ஃபிளிக்ஸ் வந்தது. இலவசமாகப் படித்து முடித்த கதையை ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள்? பிடித்துப்போனதால். பிடித்த ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது சாதாரண மனித குணம்.

இருக்க வேண்டும் என்றதும் இன்னொன்று. செயலியில் வாங்குவதை நாம் வாங்கியதாக நினைக்கிறோம், சட்டப்படி அது படிக்கக் கொடுத்த அனுமதி மட்டும்தான். ஜேமங்கா என்ற தளம் 2013இல் மூடியபோது காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களும் சேர்ந்தே போயின. மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியது, பணத்தைத் திருப்பித் தந்தார்கள், புத்தகங்கள் மறைந்துவிட்டன. காமிக்ஸ் படிப்பதற்கென்றே அழகாகச் செய்த காமிக்ஸாலஜியை அமேசான் 2014இல் வாங்கி, 2022இல் அதன் தளத்தைத் தன் கடைக்குள் இணைத்து, 2023இல் செயலியையும் கிண்டிலுக்குள் கரைத்தது, வாசகர்கள் கத்தித் தீர்த்தார்கள். எனக்கே ஒரு சின்ன செயலியில் இது நடந்தது. இருபதுக்கும் மேற்பட்ட புத்தகம், ஒரு நாள் திறந்தால் சேவை நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. என் அலமாரியில் 1986இல் வாங்கிய ஒரு சாதா நியூஸ்பிரிண்ட் காமிக்ஸ் பழுப்பேறி ஓரம் பொடிந்து இன்னும் இருக்கிறது, அந்த இருபதும் இல்லை.

இவ்வளவு சொன்னதும் அச்சுக்குக் கவலையே இல்லை என்று தோன்றும். இல்லை. இங்கேதான் நண்பரின் அந்த ஒன்பது வயது மகன் வருகிறான்.

கம்பேக்குக்குப் பிறகு தமிழ்க் காமிக்ஸ் காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் யாரால்? எண்பதுகளில் பெட்டிக்கடையில் வாங்கிய அதே பையன்கள், இப்போது நாற்பது, ஐம்பது வயதில், சம்பாதிக்கும் கையோடு வந்து காப்பாற்றினார்கள். புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் ஸ்டால் முன்னால் நின்று பாருங்கள். பெரும்பாலும் அப்பாக்கள். கூட வரும் பிள்ளைகள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். விலையோ சில நூறு ரூபாய், எந்தப் பிள்ளையும் தன் காசில் வாங்க முடியாது. கதைகளும் பெரும்பாலும் அப்பாக்களுக்கானவை, பழிவாங்கல், சதி, நினைவிழந்தவனின் தேடல் என்று. இதில் பதிப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, இருக்கும் வாசகரை வைத்துத்தானே அவர் மெஷினை ஓட்ட முடியும். ஆனால் வயதாகிக்கொண்டே போகும் ஒரு கூட்டத்தை மட்டும் நம்பி எந்தத் தொழிலும் முப்பது வருடம் ஓடாது. பத்து வருடம் தாங்கும் என்று நான் உறுதியாகச் சொன்னதும், அதற்கு மேல் 'நினைக்கிறேன்' என்று இழுத்ததும் இதனால்தான்.

பிள்ளைகள் அச்சை வெறுக்கிறார்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அமெரிக்காவில் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் 2005இல் பிள்ளைகளுக்கான காமிக்ஸுக்கென்று கிராஃபிக்ஸ் என்ற தனிப் பிரிவு தொடங்கியது. 2016இல் தொடங்கிய டேவ் பில்கியின் 'டாக் மேன்' வரிசையில் சில புத்தகங்களுக்கு முதல் அச்சே 50 லட்சம். வாங்குகிற பிள்ளைகள் போன் பார்த்து வளர்ந்தவர்கள்தான். என்ன வித்தியாசம் என்றால் புத்தகம் பள்ளிக்கூடத்துக்கே போனது. ஸ்கொலாஸ்டிக் பல காலமாகப் பள்ளிகளுக்குள் புத்தகச் சந்தை நடத்துகிறது, பிள்ளை தானே எடுத்துப் பார்த்து, தானே தேர்ந்தெடுக்கிறது. ஒரு காமிக்ஸ் கடைக்குள் கால் வைக்காமலேயே ஒரு தலைமுறை காமிக்ஸ் வாசகர்களாகிவிட்டது. பிரான்சில் வேறு வழி. 1981லேயே புத்தகத்துக்கு ஒரே விலை என்று சட்டம் போட்டார்கள், ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி கிடையாது. அதனால் தெருமுனைப் புத்தகக் கடை பெரிய கடையோடு போட்டி போட்டு நசுங்காமல் இருக்கிறது, அங்கே ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுக் காமிக்ஸ் வரிசையில் புதிதாக ஒன்று வந்தால் தாத்தாவும் பேரனும் ஒரே பிரதியைப் பிடித்து இழுக்கிறார்கள். 2023இல் வந்த ஆஸ்டெரிக்ஸ் ஆல்பம் உலகம் முழுக்க 50 லட்சம் பிரதி அச்சிட்டுத்தான் தொடங்கினார்கள்.

நம் பெட்டிக்கடைக் கயிறு அறுந்த இடத்தில் நாம் எதையும் கட்டவில்லை. அம்புலிமாமாவும் போய்விட்டது, வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிரும் எப்போதோ போய்விட்டது. ஒரு எட்டு வயதுப் பிள்ளை தானாகப் போய் ஒரு தமிழ்ப் படக்கதையைத் தடுக்கி விழும் இடம் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. டேப்லெட் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் எனக்கு இரண்டு மூன்று யோசனை உண்டு, எல்லாம் நடக்கக்கூடியவை என்றே சொல்வேன். பள்ளிக் கல்வித் துறை 2022இலிருந்து 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பிள்ளைகளுக்கு இதழ் நடத்துகிறது, அரசுப் பள்ளிக்கு நேராகப் போகிறது. விநியோகம்தான் பெரிய சிக்கல் என்றேனே, அந்தப் பாலம் இங்கே ஏற்கெனவே கட்டியிருக்கிறது. அதில் ஒவ்வொரு இதழிலும் நான்கு பக்கம், 'தொடரும்' போட்டு, ஒரே நாயகன், ஒரே ஓவியர், வருடம் முழுக்க ஒரு சாகசத் தொடர் வரட்டும். அறிவுரை சொல்லும் படக்கதை வேண்டாம், அடுத்து என்ன ஆகும் என்று பிள்ளை ஏங்க வேண்டும். அதேபோல மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சென்னை அண்ணா நூலகத்திலும் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, காமிக்ஸை அங்கே பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் வைத்துக் கிழிந்தால் கிழியட்டும் என்று விட வேண்டும். கிழிந்த காமிக்ஸ் என்றால் படித்த காமிக்ஸ்.

பதிப்பாளர்களிடம் கேட்பது ஒன்றுதான். பதினாறு பக்கம், கறுப்பு வெள்ளை, சாதாத் தாள், ஒரே ஃபாரம். முன்னே சொன்ன 24 பிளேட் கணக்கு இங்கே இரண்டே பிளேட்டில் முடிந்துவிடும். ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு பென்சில் பெட்டி விலைக்கு அதைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அதில் லாபம் வராது, தெரியும். நாளைய சந்தாதாரரை அதில்தான் விதைக்க முடியும். வரைகிற இளைஞர்களுக்கும் ஒரு தொழில் யோசனை சொல்கிறேன், போனிலும் அச்சிலும் வர வேண்டும் என்றால் ஒரு பக்கத்தை ஒரே அகலமுள்ள மூன்று அடுக்காகப் பிரித்து வரையுங்கள், அடுக்குகளை ஒன்றின் கீழ் ஒன்றாக நீட்டி வைத்தால் போனில் ஓடும், மூன்று மூன்றாகச் சேர்த்தால் பக்கமாகும். வசனத்துக்கு முதலிலிருந்தே தமிழுக்கு அளவெடுத்த பெரிய பலூன் போடுங்கள். சொந்தமாக வரைந்தால் கிடைக்கும் பெரிய சுதந்திரமே அதுதான், பிரெஞ்சுப் பலூனுக்குள் நம் வார்த்தையைத் திணிக்க வேண்டியதில்லை.

இனி, கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் வீட்டு விஷயம். சந்தா கட்டுங்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன், அச்சு எண்ணிக்கையில் நீங்கள் ஒரு ஆள். ஆனால் மகனிடம் இரத்தப் படலத்தைக் கொடுத்து ஆரம்பிக்காதீர்கள், அது உங்கள் புத்தகம். லக்கி லூக் மாதிரி சிரிப்புக் கதை ஒன்றில் தொடங்குங்கள். டேப்லெட்டைப் பிடுங்கிவிட்டு அந்தக் கையில் காமிக்ஸைத் திணிக்கவும் வேண்டாம், அப்புறம் காமிக்ஸ் என்றாலே தண்டனை என்று ஆகிவிடும். ராத்திரி படுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு குரல் போட்டு, நீங்கள் ஒரு பலூன் அவன் ஒரு பலூன் என்று வாசியுங்கள். பக்கம் திருப்பும் வேலை அவனுடையது. அப்புறம் அந்த அலமாரி. உங்கள் பழைய இதழ்களெல்லாம் பிளாஸ்டிக் உறையில், மேல் தட்டில், பூட்டி வைத்திருக்கிறீர்கள்தானே? ரெட்டைப் பிரதி இருக்கும் பத்துப் பதினைந்தை மட்டும் உறையைக் கழற்றிக் கீழ்த் தட்டில் வையுங்கள். அதில் சோற்றுக்கறை பட்டாலும், அவன் நண்பன் ஒருவன் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராவிட்டாலும் ஒன்றும் கேட்காதீர்கள்.